கையோடு வந்த குழாய்

இப்போதெல்லாம் பக்கத்து வீடு பற்றி எரிந்தால்கூடக் குடத்தைத் தேடுகிறவன் இல்லை. போனைத் தூக்கிப் படம் பிடித்து, அதற்கடியில் ஒரு கேலியை எழுதிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறான்.

இப்படித் திட்டிக்கொண்டே மூன்றாவது மாடி ஏறினார் பைப்புக்காரர். படிக்கு ஒரு வசவு.

மாடியில் ஒரே நீள அறை. பத்துப் பன்னிரண்டு கம்ப்யூட்டர். எல்லாத் திரையிலும் ஒரே படம்தான்.

திறப்பு விழாவில் தலைவர் தெருக்குழாயைத் திருகுகிறார். குழாய் ஒரு பிடி சிமென்ட்டோடு, பிடுங்கிய கடைவாய்ப் பல் மாதிரி, அவர் கையோடு வந்துவிடுகிறது.

‘தலைவருக்குக் குழாய் கைவந்த கலை.’

‘கைக்கு எட்டியது, வாய்க்கு எட்டவில்லை.’

எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பைப்புக்காரருக்கு மூச்சு வாங்கியது. மூன்றாவதைப் படிக்க வேண்டியதே இல்லை. அதில் பெரிதாக்கிப் போட்டிருப்பது அவர் முகம். தலைவருக்குப் பின்னால், பைப்பு ரென்ச்சும் கையுமாக, வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்.

‘மாட்டியவன் மாட்டினான்.’

நாற்பது வருஷத்தில் அவர் மாட்டிய குழாய் ஒன்று சொட்டியது என்று எவனும் சொன்னதில்லை. இந்த வாரம் மட்டும் மூன்று வீட்டில் வேறு ஆளைப் பார்த்துவிட்டார்கள். நேற்று, அவரே பைப்பு போட்டுக் கொடுத்த குடியிருப்பில், வாட்ச்மேன் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே சொன்னான்: “தள்ளி நில்லுங்க பெரியவரே, கேட்டு கையோட வந்துடப் போகுது.”

இந்த வயதில் புதிதாக வேறு என்ன தொழில் கற்றுக்கொள்வது?

அதனால்தான் மருமகளின் தம்பியைத் தேடி வந்திருந்தார். சிரிப்புப் படம் போடுவதுதான் அவனுக்குச் சம்பள வேலை. சொந்தக்காரப் பையன். அவன் மனசு வைத்தால் உண்மை நாலு பேர் கண்ணில் படும்.

“வாங்க மாமா! இந்த வாரம் நீங்கதான் ஹீரோ!” என்று நாற்காலியை இழுத்துப் போட்டான்.

அவர் உட்காரவில்லை.

“அந்தச் சுவத்துக்குப் பின்னாடி பைப்பே இல்லடா. அத எழுது.”

பைப்பு வாயில் தண்ணீரைக் கண்ணால் பார்க்காமல் அவர் குழாய் மாட்டுகிறவர் இல்லை. அன்றைக்கு ஒருநாள் மாட்டினார். தண்ணீர் லைன் இரண்டு தெருவுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. விழாவோ மறுநாள் காலை. ‘தலைவர் தொடுவாரு, திருக மாட்டாரு’ என்றார் அதிகாரி. இவரும் வெறும் சுவரில் ஓட்டை போட்டு, ஈரச் சிமென்ட்டில் குழாயைச் செருகினார். அப்போதும் கை சும்மா இருக்கவில்லை, பழக்கதோஷத்தில் தண்ணீர் கசியாமலிருக்க ஏழு சுற்று டேப் சுற்றியது.

திருக வேண்டாம் என்று தலைவரிடம்தான் யாரும் சொல்லவில்லை.

மருமகளின் தம்பி சுற்றுமுற்றும் பார்த்தான். முகத்தில் இருந்த சிரிப்பைக் காணோம்.

“மெதுவா பேசுங்க மாமா. இந்த மீம் எல்லாம் போடச் சொன்னதே தலைவரோட ஆபீஸ்தான்.”

அவருக்குப் பிடிபடவில்லை. தன்னைத்தானே நக்கலடிக்க ஆள் வைப்பானா ஒருத்தன்?

“குழாயப் பாத்துச் சிரிக்கிறவன் பைப்பு எங்கன்னு கேக்க மாட்டான். அவ்வளவுதான் கணக்கு.”

“அப்ப என் மூஞ்சி எதுக்குடா?”

அவன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி எதையோ தட்டினான். தட்டியதில் எழுத்து ஒன்றும் விழவில்லை.

“தப்பு யாரு மேலயாவது விழணும்ல மாமா. உங்க படத்தப் போட்டது நான்தான். வேற ஆளா இருந்தா கேஸு கீஸுன்னு கிளம்பிடுவான். நீங்க நம்ம சொந்தம், கோவிச்சுக்க மாட்டீங்க.”

பக்கத்துத் திரையில் எவனோ அவருடைய பிளந்த வாய்க்குள் ஒரு குழாயை ஒட்டிக்கொண்டிருந்தான்.

“ரெண்டே நாள். ஜனங்க மறந்துடுவாங்க,” என்றான் மருமகளின் தம்பி. “இருங்க மாமா, டீ சொல்றேன்.”

“உன் டீயை நீயே குடி.”

மூன்று மாடியும் ஒரே மூச்சில் இறங்கித் தெருவில் வெயிலோடு நடந்தார். நாற்பது வருஷத்தை ஒரே நாளில் மறந்தவர்கள், இதை மறக்க ரெண்டு நாள் எடுத்துக்கொள்வார்களாம்.

யார் காதில் பூச்சுற்றுகிறான்?