நாலாவது கட்டம்

இரண்டு வேட்பாளர்கள் வந்து கதைத்துவிட்டுப் போய்விட்டார்கள். உதயகலாவின் தாள்களில் கட்டங்களெல்லாம் நிரம்பித்தான் இருந்தன. ஆனால் யார் எதற்கு ஆதரவு, யார் எதற்கு எதிர்ப்பு என்று கேட்டால் அவளுக்கே தலை சுற்றியது.

மாகாண சபைத் தேர்தல். பண்டத்தரிப்புச் சனசமூக நிலையத்தில் அவள் நூலகப் பொறுப்பாளர். மின்சாரம், பஸ், சபையின் வரவுசெலவுப் பாதீடு, வெளிநாடு போவது என்று நாலு விஷயத்தில் வேட்பாளர்களின் நிலைப்பாட்டைக் கேட்டு எழுதி, அறிவித்தல் பலகையில் ஒட்டவேண்டும். சனம் அதைப் பார்த்து வாக்குச்சீட்டில் புள்ளடி போடும். யோசனை என்னவோ நல்லதுதான்.

முதல் வந்தவரிடம், "பவருக்கு என்ன வழி வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டாள். அவர் காணி அதிகாரம், பொலிஸ் அதிகாரம் என்று முக்கால் மணித்தியாலம் முழங்கினார். அவள் கேட்டது கரண்டை.

அடுத்தவருக்குப் பாதீடு என்றது 'பாதி வீடு' என்று காதில் விழுந்துவிட்டது. அரைகுறையாய் நிற்கிற வீட்டுத்திட்ட வீடுகளை ஆறு மாதத்தில் முடித்துத் தருவதாகச் சத்தியம் பண்ணினார். மண்டபத்தில் இருந்த சனம் கை தட்டியது. உதயகலாவுக்கு அதை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியவில்லை.

அவளுக்கென்று பார்த்தால் நாலாவது கட்டம்தான் முக்கியம். கணவன் நிருஷனுக்கு ஒரு மாதமாக வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரனோடுதான் கதையெல்லாம். கணவனைப் போகவிடாமல் மறிக்க அவளிடம் இருந்த சொற்கள் தீர்ந்துவிட்டன. வேட்பாளர் ஒருவராவது உருப்படியாக ஒரு சொல் சொன்னால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று பார்த்தாள்.

மூன்றாவதாக ஞானாம்பிகை வந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் மனேச்சராக இருந்தவர். சுற்றிவளைக்கத் தெரியாத மனுஷி. இந்தமுறை உதயகலா கரண்டு என்றே கேட்டாள்.

"சோலர் பூட்ட வசதி உள்ளவை பூட்டுவினம். இல்லாத வீட்டுக்குச் சபைதான் பூட்டிக் குடுக்கவேணும்."

"பஸ்?"

"உங்கடை அஞ்சரை பஸ் நினைச்சா வரும், நினைக்காட்டி இல்லை. முதல் அதுக்கு ஒரு நேரம் வேணும்."

"பாதீடு… பட்ஜெட்?"

"வாற காசு எதுக்குச் செலவழிஞ்சதெண்டு மாதாமாதம் உந்தப் பலகையிலை ஒட்டுவன்."

உதயகலாவின் பேனை ஓடியது. நாலாவது கட்டத்துக்கு வந்தாள்.

"வெளிநாடு போறதைப் பற்றி?"

"போறவையைக் கட்டிப்போட ஏலாது, பிள்ளை. ஆனா இஞ்சை நிண்டு உழைக்கிற பிள்ளையை ஒண்டுக்கும் உதவாததெண்டு பார்க்கிறமே, அதை முதல் நிப்பாட்டவேணும். என்ரை மகளுக்கும் அதைத்தான் சொன்னனான்."

உதயகலாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு சொல் விடாமல் எழுதினாள்.

முன்வரிசையில் தியாகராசா எழும்பினார். தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். கூட்டமென்று வந்தால் ஒரு கேள்வி கேட்காமல் வீட்டுக்குப் போக மாட்டார்.

"என்ரை மூண்டு பிள்ளையளும் வெளியிலதான். ரெண்டு கனடா, ஒண்டு சுவிஸ். நான் ஒளிக்கேல்லை. உங்கடை மகள் இப்ப எங்கை நிக்கிறா, அம்மா?"

"மகளோ? வெளியில நிக்கிறா."

மண்டபத்தில் சிரிப்பு வெடித்தது.

"எங்கை, லண்டனோ?" என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

"ஊர்ப் பிள்ளையள் மட்டும் இஞ்சை கிடக்கவேணும், என்ன?"

அந்தச் சிரிப்பில் ஞானாம்பிகைக்குச் சொற்கள் காதில் விழவில்லை; சுற்றுமுற்றும் பார்த்தார். "இதிலை என்ன சிரிப்பு?" என்று கேட்டார். அதற்கும் சிரித்தார்கள். அவர் முகம் சிறுத்துப் போயிற்று. தன் கதிரையில் போய் இருந்துவிட்டார்.

உதயகலாவுக்கு ஏமாந்த கோபம். நாலாவது கட்டத்தில் எழுதியதை நீட்டுக்குக் கோடு இழுத்து வெட்டினாள். அதன்மேல் சிவப்புப் பேனையால், 'மகள் வெளியில் நிற்கிறார்' என்று எழுதித் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். விடியப் பலகையில் ஒட்டினால் சரி.

கதவைப் பூட்டி வெளியே வந்தபோது ஆறு மணி. அஞ்சரை பஸ் வரவேயில்லை. வாசலில் ஞானாம்பிகை நின்றார். உதயகலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பிள்ளை வட்டுக்கோட்டைப் பக்கம்தானே? வாங்கோ, விட்டிட்டுப் போறம்."

"வேண்டாம். உங்களுக்கேன் கரைச்சல்?"

"எனக்கென்ன கரைச்சல், மகளெல்லோ ஓட்டுறா."

"எந்த மகள்?"

"எனக்கு ஒரு மகள்தான். வெளியில நிக்கிறா எண்டு சொல்ல எல்லாரும் சிரிச்சியளே." ஞானாம்பிகையின் குரல் உடைந்தது. "பொம்பிளைப் பிள்ளை ஓட்டோ ஓட்டிறது உங்களுக்கு அவ்வளவு பகிடியோ, பிள்ளை?"

உதயகலாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது நிலத்தைத்தான் பார்க்க முடிந்தது.

மதிலோரம் நீல ஓட்டோ ஒன்று நின்றது. முப்பது வயதுப் பிரதீபா முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஏறுங்கோ அக்கா. அந்த ஐயாவும் பஸ் இல்லாமல் நிண்டவர், ஏத்தி வைச்சிருக்கிறன்."

பின்சீற்றில் காதில் போனோடு தியாகராசா.

உதயகலா ஏறி இருந்து தாளை விரித்தாள். 'மகள் வெளியில் நிற்கிறார்.' ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை. எதைத் திருத்துவது என்று தெரியாமல் பேனையோடு குழம்பிப்போய் இருந்தாள்.

பக்கத்தில் தியாகராசா கனடாவிலிருக்கும் மூத்த மகனோடு உரத்துக் கதைத்துக்கொண்டிருந்தார். ஞானாம்பிகை வந்து ஏறி, "வெளிக்கிடு, மகள்" என்றதும் அவர் திடுக்கிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். குரல் தானாக இறங்கியது.

"இல்லை ராசா, பஸ் வரேல்லை… நீ அங்கை இருந்து யோசியாதை. இஞ்சை நிக்கிற பிள்ளை ஒண்டு கொண்டுபோய் விடுது."