இறங்கிக்கொண்டே போன முள்

மாட்டின சாமானையே மெக்கானிக் ஒருத்தன் மறுபடியும் மாத்தணும்னு சொன்னா, நீங்க அவனை என்னன்னு நினைப்பீங்க?

விஜயராஜ் 'களவாணிப்பய' என்றே சொல்லிவிட்டார். அதுவும் கடை வாசலில், போகிற வருகிறவர்கள் காதுபட.

கோவில்பட்டியில், எட்டயபுரம் ரோட்டில், மெக்கானிக் இசக்கிமுருகன் கடை போட்டு இன்னும் வருஷம் திரும்பவில்லை. பழைய கார் வைத்திருக்கிற பெரிய வீடுகளில் விஜயராஜ் சொல்வதுதான் எடுபடும். அவர் வாயால் கெட்ட பேர் வாங்கினால் ஷட்டரை இழுத்து மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்.

கார், அவருடைய அப்பா வாங்கிய வெள்ளை அம்பாசடர். ஊரில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு அதுதான் போகும். அவரே பெருமையாக ஓட்டிக்கொண்டு போவார். பெட்ரோல் முள் மட்டும் பல வருஷமாக எழுந்திருக்காமல் படுத்துக் கிடந்தது. டேங்குக்குள் பெட்ரோலோடு ஏறி இறங்குகிற மிதவை செத்துப்போயிருந்தது. பருத்திமார்க் குச்சியை உள்ளே விட்டு அளந்து பார்த்துத்தான் வண்டியை எடுப்பார்.

இசக்கி மதுரையில் கடை கடையாக அலைந்து புது மிதவை வாங்கி வந்து மாட்டினான். டேங்கை நிரப்பியதும் முள் விறுவிறுவென்று உச்சிக்கு ஏறியது. விஜயராஜ் அவன் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

மறுவாரமே முள் ஒரு கோடு இறங்கிவிட்டது. வண்டியோ வீட்டு ஷெட்டை விட்டு நகரவே இல்லை. விஜயராஜ் அதைக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"நிக்கிற வண்டி பெட்ரோல் குடிக்குமாலே? போலிச் சாமானை மாட்டி என்னை ஏமாத்தப் பாக்கியா?"

இசக்கி டிக்கியைத் திறந்தான். டேங்கின் மூடியைக் கழற்றி மிதவையை வெளியே எடுத்துக் கையால் தூக்கினான். முள் ஏறியது. விட்டான். இறங்கியது. சாமான் சுத்தம். அடியில் குனிந்து பார்த்தான். ஒழுகின ஈரமும் இல்லை.

டிக்கி விரிப்பை இன்னும் கொஞ்சம் விலக்கினான். மூலையில், பிள்ளையின் பழைய கவுனில் சுற்றி வைத்த ரப்பர் டியூப் ஒன்று. பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது.

நிமிர்ந்தான். எதிரே விஜயராஜின் மனைவி ராமலட்சுமி. கிளம்புகிற நேரத்தில் 'நானும் வாரேன்' என்று பிள்ளையோடு வந்து ஏறிக்கொண்டவள். இடுப்புப் பிள்ளையை இறுக்கிக்கொண்டு அவனையே பார்த்தபடி நின்றாள்.

டியூபை எடுத்து நீட்டினால் போதும், அவன் பேர் தப்பிக்கும். அந்த அம்மா பேர்?

விரிப்பை இழுத்து மூடினான். கையைத் துடைத்துக்கொண்டான்.

"ஆமா அண்ணாச்சி, சாமான்லதான் கோளாறு. வேற மாத்தித் தாரேன்."

'களவாணிப்பய' என்று திட்டியும் விஜயராஜுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி சோலைராஜுக்கு அங்கேயே போன் போட்டார். சோலைராஜ் தன் பழைய காரை நாளைக்கு இசக்கியிடம் விடுவதாக இருந்தது. விடவேண்டாம் என்று சொல்லத்தான்.

ராமலட்சுமி முன்னால் வந்தாள்.

"போனை வைங்க. முள்ளு பொய் சொல்லல. இந்த அண்ணன்தான் எனக்காகப் பொய் சொல்லுதாவ. பெட்ரோலை எடுத்தது நான்."

"நீயா? எதுக்குட்டி?"

"உங்க தங்கச்சி பொன்மணிக்கு. சொல்லாமக் கல்யாணம் முடிச்சிட்டான்னு நீங்க அவ முகத்துல முழிக்கல. அவ மொபெட்டுல கடலைமிட்டாயைக் கட்டிக்கிட்டு, பசுவந்தனை வரைக்கும் கடை கடையாப் போட்டுட்டு வாரா. ரூவா குடுத்தா கையால தொட மாட்டேங்கா. 'எங்க அப்பா கார்ல உள்ளதுன்னா தாங்க மதினி'ன்னு பெட்ரோலை மட்டும் வாங்கிக்கிடுதா."

விஜயராஜ் கையிலிருந்த போன் 'ஹலோ, ஹலோ' என்றது. அவர் அதைக் காதுக்குக் கொண்டுபோகவில்லை. அப்பா ஓட்டும்போது தானும் பொன்மணியும் உட்கார்ந்து வந்த பின் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ராமலட்சுமியின் குரல் தாழ்ந்தது.

"ஞாயித்துக்கிழமை அவ பிள்ளைக்குக் காது குத்துதாங்க. மடியில வச்சிக்கிட தாய்மாமன் இல்ல. ஊரான் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் இந்த வண்டியை ஓட்டிட்டுப் போறீங்கல்லா, அங்கனயும் ஒரு எட்டு வாங்களேன்."