ஆஃப் பண்ணியும் கத்துகிறது

"ஏங்க, லெஃப்ட்ல ஆட்டோ!"

"தெரியுது. நீ போனைப் பாரு, ரோட்டை நான் பாத்துக்கறேன்."

பிரிஜெட் குனிந்து போனைப் பார்த்தாள். அடுத்த நொடி காருக்குள் 'பீப் பீப் பீப்' என்று ஒரே அலறல். ஓஸ்வால்ட் பதறிப்போய் பிரேக்கை மிதித்தார். ஆட்டோ பம்பரை உரசாத குறையாகக் கடந்து போனது.

"ஏய், நோட்கொண்டு ஓட்சப்பா!" என்று, பார்த்து ஓட்டச் சொல்லி ஆட்டோக்காரனைக் கன்னடத்தில் ஒரு பிடி பிடித்துவிட்டு, ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினார். "பாத்தியா? மறுபடியும் கத்துது சனியன்! ஆஃப் பண்ணியும் கத்துது! இன்னிக்கு அந்த சர்வீஸ் சென்டரை உண்டு இல்லைன்னு ஆக்கிடறேன்."

கோபம் வராமல் என்ன செய்யும்? இந்த எலெக்ட்ரிக் காரில் டாப் மாடலாகப் பார்த்து அவர் வாங்கியதே அந்த வசதிக்காகத்தான். தானே பிரேக் போடும், கோடு தாண்டினால் எச்சரிக்கும் என்று தாங்கள் குடியிருக்கும் காக்ஸ் டவுன் முழுக்கப் பீற்றிக்கொண்டார். அது 'பீப் பீப்' என்று எச்சரிப்பதை பிரிஜெட்டிடம் சொல்லி அவள் போனில் வீடியோ எடுத்து, சொந்தக்காரர்கள் ஒருத்தர் விடாமல் அனுப்பினார்.

பெங்களூர் ரோட்டில் கோடு எங்கே இருக்கிறது? பைக் குறுக்கே வந்தால் பிரேக், மாடு வந்தால் பிரேக், ஒன்றுமே வராவிட்டாலும் பிரேக். பின்னால் வருகிறவனெல்லாம் வாய்க்கு வந்தபடி ஏச, வாங்கிய மாதமே வண்டியை சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய் விட்டு எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லிவிட்டார்.

அதன் பிறகு நிம்மதியாகத்தான் இருந்தது, போன மாதம் சர்ச் கேட் பக்கத்தில் மரியா டீச்சரின் ஸ்கூட்டரை இடிக்கும்வரை. டீச்சர் இன்னும் மாவுக்கட்டோடு கிடக்கிறார். அன்றைக்கும் பிரிஜெட் "ஸ்கூட்டர்... ஸ்கூட்டர்..." என்று சொல்லத்தான் செய்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தொணதொணத்தால் எப்படி ஓட்டுவது என்று அதற்கும் அவளைத்தான் திட்டினார். இந்தச் சத்தம் ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

"இடிச்சதுல சென்சார் அடிபட்டிருக்கு. அதைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியலன்னா எதுக்கும்மா கடையைத் திறந்து வெச்சிருக்கீங்க?" சர்வீஸ் சென்டர் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

சர்வீஸுக்கு வருகிற வண்டிகளைப் பதிவு செய்கிற ஸ்னேஹா எழுந்து நின்றாள். "சார், போன வாரமே ஃபுல்லா செக் பண்ணிட்டோம். சிஸ்டம் ஆஃப்லதான் இருக்கு. தினமும் கத்துதா?"

"ஆபீசுக்கு எலெக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் போறேன், வரேன். அப்பல்லாம் கம்முனு கிடக்கும். சர்ச்சுக்கு, மார்க்கெட்டுக்குன்னு கிளம்பினா போதும், ஆரம்பிச்சிடும். இதெல்லாம் ஒரு காரா?"

ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றாள் ஸ்னேஹா. வெயிட்டிங் ரூமில் பிரிஜெட்டின் கையில் ஒரு காபியைக் கொடுத்துவிட்டு, ஓஸ்வால்டுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். அவர் வேண்டுமென்றே ஒரு பஸ்ஸின் பின்னால் ஒட்டிக்கொண்டு போனார். ஸ்னேஹா சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கார் மூச்சு விடவில்லை.

"நடிக்குது பாரு!" என்று பல்லைக் கடித்தார்.

திரும்பி வந்ததும் காரை லிஃப்டில் ஏற்றினார்கள். பம்பரைக் கழற்றி, பேட்டரி ஒயரைப் பிடுங்கி, இண்டு இடுக்கெல்லாம் பார்த்தார்கள்.

"ஒரு ஃபால்ட்டும் இல்ல சார்" என்றாள் ஸ்னேஹா.

"அப்ப நான் பொய் சொல்றேனா? இரு, உன் பேரைப் போட்டே ஹெட் ஆபீசுக்கு மெயில் அனுப்பறேன்." போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார்.

ஸ்னேஹாவின் முகம் செத்துப்போனது. "வேணாம் சார், ப்ளீஸ். ஏற்கெனவே என் மேல ஒரு கம்ப்ளெயின்ட் இருக்கு. இன்னொண்ணு வந்தா வேலையை விட்டே எடுத்துடுவாங்க."

"எடுக்கட்டும்! அப்பத்தான் புத்தி வரும்."

காபியை அப்படியே வைத்துவிட்டு பிரிஜெட் ஓடி வந்தாள். "ஏங்க, பாவங்க அந்தப் பொண்ணு. அது மேல தப்பே இல்ல. ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளுங்களேன்."

"நீ சும்மா இரு. காரைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

போனில் தட்டிக்கொண்டே விறுவிறுவென்று படியிறங்கி வெளியே நடந்தார். வண்டி கழுவுகிற இடத்திலிருந்து ஒரு வேன் வேகமாக ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. வேன்காரன் இவரைப் பார்க்கவில்லை. இவரும் தலையைத் தூக்கவில்லை.

'பீப் பீப் பீப்!'

ஓஸ்வால்டின் கால்கள் சட்டென்று நின்றன. வேன் அவர் மூக்குக்கு முன்னால் ஒரு சாண் இடைவெளியில் கடந்து போனது. உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. ஆனாலும் கோபம் மட்டும் போகவில்லை.

"கேட்டியா? இப்ப கேட்டியா? கத்துச்சா இல்லையா?" என்று ஸ்னேஹாவைப் பார்த்து உறுமிக்கொண்டே தன் காரைக் கைகாட்டத் திரும்பினார்.

கார் பம்பர் இல்லாமல், பேட்டரி ஒயர் பிடுங்கிப் போட்டபடி, லிஃப்டின் மேலே நின்றுகொண்டிருந்தது. நீட்டிய கை அப்படியே நின்றது. ஸ்னேஹா காரைப் பார்க்கவில்லை. வாயில் கையை வைத்துக்கொண்டு பிரிஜெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரிஜெட்டின் கையில் போன். அதில் அந்தப் பழைய வீடியோ. அவள் விரல் இன்னொரு தடவை அழுத்தியது. அதே 'பீப் பீப் பீப்'.

அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. குரலில் மட்டும் இத்தனை வருஷக் கோபமும் இருந்தது.

"நான் கூப்பிட்டிருந்தா நின்னிருப்பீங்களா?"