பொய்க்காத வட்டம்

டெல்வினின் படகு கவிழ்ந்த செய்தி வந்ததிலிருந்து, அவன் மனைவி ரெக்சலின் துறைமுகத் தேடல் அறையிலேயே நின்றாள். திரையில் கடல்மேல் ஒரு சிவப்பு வட்டம். ஆள் கட்டாயம் இதற்குள்தான் இருக்கிறார் என்று மென்பொருள் கணக்கிட்டுச் சான்றளித்த வட்டம் அது. ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. ஆனால் காற்று மாற மாற, வட்டம் பெருத்துக்கொண்டே போனது. தேடப் போன இரண்டு படகுகளும் அதற்குள் எறும்புகளைப் போல அலைந்தன.

"இம்புட்டுக் கடல்ல எங்கன்னு சார் தேடுவாவ? இந்த இடம்னு ஒண்ணைக் காட்டச் சொல்லுங்க. தப்பா இருந்தாலும் பரவாயில்ல."

"தப்பா இருக்கக்கூடிய எதையும் அது சொல்லாதும்மா," என்றார் அதிகாரி ஞானசீலன். "முன்னால உத்தேசமாச் சொல்லித்தான் நிறைய பேரைப் பறிகொடுத்தோம்."

"அப்ப நீங்க சொல்லுங்க."

"அது சொல்லாத இடத்துக்குப் படகைத் திருப்ப எனக்கு அதிகாரம் இல்லம்மா."

அவள் திரையில் ஓர் இடத்தில் விரலை அழுத்தினாள். "இங்க போகச் சொல்லுங்க சார். ஒங்க கால்ல விழுதேன்."

அவள் விரலைச் சுற்றி வட்டம் இன்னும் விரிந்து, அவர்கள் இருந்த துறைமுகத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டது. ஆள் கட்டாயம் இதற்குள்தான் என்ற சான்று மாறவில்லை.

ரெக்சலின் சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.