நீ பாத்துக்கோ

என் வீட்டுக்காரர் சபைக்கு நடுவே எழுந்து நின்று, தனக்குக் கவலை என்பதே கிடையாது என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்.

பெண்கள் பக்கத்துப் பாயில் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பாரத்த எல்லாம் எறக்கி வச்சிட்டேன். இப்பம் படுத்தா ஒடனே தூக்கந்தான்" என்றார்.

போதகர் கண்களை மூடித் தலையசைத்தார். யார் தலையில் இறக்கி வைத்தார் என்று அவர் கேட்கவில்லை. சபையும் கேட்கவில்லை.

இவர் பெயர் ஞானஒளிவு. கரிவலம்வந்தநல்லூர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதையும் ஒரே வழியில் யோசித்து விட்டுவிடுகிற ஆள் இல்லை.

காலையில் தலைமையாசிரியர் பதில் வணக்கம் சொல்லாவிட்டால் ராத்திரி எங்கள் வீட்டில் விசாரணை நடக்கும். அவர் கவனிக்கவில்லையா, கவனித்தும் சொல்லவில்லையா, பனவடலிசத்திரத்துக்கு மாற்றப் போகிறார்களா.

மறுநாள் வணக்கம் சொல்லிவிட்டால் அதைவிட மோசம். நேற்றுச் சொல்லாதவர் இன்றைக்கு ஏன் சொன்னார்?

கறிக்கடை இப்ராஹீம் ஒருநாள் இவரைப் பார்த்துச் சிரித்துவிட்டார். பாவம், கடைக்கு வருகிற எல்லாரையும் பார்த்துச் சிரிக்கிற மனுஷன். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் தெரிகிறவரை இவர் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.

திருநெல்வேலிக்குக் கூட்டிப் போய் ஒரு டாக்டரிடம் காட்டினோம். ரொம்ப யோசிக்காதீங்க சார் என்று சொல்லி அனுப்பினார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு வரும்வரை இவர் யோசித்துக்கொண்டே வந்தார்.

கடைசியில் போதகர்தான் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணி, பாரத்தை இறக்கி வையுங்கள் என்று சொன்னார். இவரும் இறக்கி வைத்தார்.

அப்போது அடுப்படிச் சுவரில் விரிசல் விட்டிருந்தது. "ஏட்டி, இத நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். நான் பதில் சொல்வதற்குள் குறட்டை வந்துவிட்டது.

நான் விழித்திருந்து விரிசலைப் பார்த்துக்கொண்டேன்.

இவ்வளவு சுலபமா என்று அவருக்கே ஆச்சரியம். அதன்பிறகு கிணறு வற்றினாலும் நான் பார்த்துக்கொள்ள வேண்டியது. அவர் தங்கை, புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு பெட்டியோடு வந்து நின்றாலும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டியது.

தலைமையாசிரியரின் வணக்கத்தைக்கூட ஒருநாள் என்னிடம் ஒப்படைத்தார். அந்த மனிதரை நான் கண்ணால் கண்டதில்லை. அவருக்காகவும் விழித்திருந்தேன்.

இவருக்குக் கன்னத்தில் சதை பிடித்தது. எனக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்தது. ஒங்க வீட்டுக்காரரப் பாத்துப் படிச்சுக்கோ சுந்தரபாய் என்று சபையில் எனக்குப் புத்தி சொன்னார்கள்.

சாட்சியை முடிக்கும்போது எங்கள் ஒரே மகள் இன்பத்தைப் பற்றிச் சொன்னார். அவள் பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கிறாள். "வயசுக்கு வந்த பிள்ளைய வெளியூர்ல விட்டுருக்கேன். எனக்கு ஒரு கவலயும் கெடையாது" என்றார்.

எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நான் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இன்பம் ஊருக்கு வந்து திரும்பும்போது, பஸ் ஜன்னல் வழியாகக் குனிந்து என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள். கூட வேலை பார்க்கிற பையனை ரிஜிஸ்டர் ஆபீசில் வைத்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டாளாம். சைவக்காரங்க வீட்டுப் பையன். பெயர் குற்றாலிங்கம்.

"அப்பாட்ட நீங்களே பக்குவமா சொல்லிருங்கம்மா" என்றாள். பஸ் நகர்ந்துவிட்டது. தகப்பனுக்குத் தப்பாத பிள்ளை.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மகளைத் தலைமுழுகிவிடுவாரோ என்று ஒரு பயம். இவர் மறுபடி பழைய மாதிரி ராத்திரியெல்லாம் வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்துவிடுவாரோ என்று அதைவிடப் பெரிய பயம்.

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தோம். கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார். பாயை விரித்துத் தலையணையைத் தட்டிப் போட்டார்.

"சாட்சி நல்லா சொன்னேனாட்டி?"

"நல்லா சொன்னீங்க" என்றேன். அதே மூச்சில் மகளுக்குக் கல்யாணம் ஆனதையும், பையன் பெயரையும், எந்த வீட்டுப் பையன் என்பதையும் சொன்னேன். "இத நீங்க பாத்துக்கோங்க."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் இரக்கப்பட்டுத் திரும்ப வாங்கிக்கொள்வேன். அவர் விரித்த பாயில் நான் படுத்தேன்.

அப்படி ஒரு தூக்கம்.

விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. அவரைக் காணோம். ஆணியில் சட்டையும் இல்லை. பதறி எழுந்து வீடெல்லாம் தேடினேன்.

அடுப்படியில் கறிச்சட்டி வழித்து வைத்தாற்போல் கிடந்தது. தூக்குவாளியையும் காணோம்.

பக்கத்து வீட்டு முத்துத்தாய் வாசலில் வந்து நின்றாள்.

"யக்கா, சாரு தூக்குவாளியோட திருநெல்வேலி பஸ்ஸுக்கு ஓடுனாரு. என்னைய நிப்பாட்டி, சைவக்காரங்க வீட்டுப் பய கறி திம்பானான்னு கேட்டாரு. தெரியலயேன்னேன். அப்படின்னா பழமும் வாங்கிக்கிடுதேன்னு போறாரு. ரெண்டடி போய்த் திரும்பி வந்து, பழம் மட்டும் கொண்டுபோனா மகளுக்கு மனசு சங்கடப்படுமாங்காரு. ஆருக்குக்கா இதெல்லாம்?"

"பஸ்ஸுல ஏறிட்டாரா?" என்றேன்.

"ஏறிட்டாரு."

நான் உள்ளே போய் மறுபடியும் படுத்துக்கொண்டேன்.