எக்ஸ்ரே அக்கா

கதவைச் சாத்தக் கூடாது என்பது உத்தரவு.

பேருந்து ஓட்டுகிற எல்லோரும், எப்போது கூப்பிட்டாலும் வந்து ஒரு கோப்பையில் சிறுநீர் கொடுக்க வேண்டும். போதை மருந்து ஏதாவது எடுத்திருக்கிறோமா என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டுமாம். ஏமாற்றிவிடக் கூடாதே என்று, முடிகிறவரை எதிரே ஒருவர் நின்று கண்கொட்டாமல் பார்ப்பார்.

பெண்களுக்கு அந்த ஒருவர் எக்ஸ்ரே அக்கா.

எங்கள் பணிமனையில் அவரைத் திட்டாத பெண் ஓட்டுநர் கிடையாது. போன மாதம் நான் மாற்றலாகி வந்த அன்றைக்கே, எங்களில் மூத்தவரான பெரியக்கா எச்சரித்துவிட்டார்.

"அவ பார்வை இருக்கே, தோலை உரிச்சு உப்புக்கண்டம் போட்டுடும்."

சொன்னது பொய்யில்லை. இன்று எக்ஸ்ரே அக்கா எதிர்ச் சுவரில் சாய்ந்தபடி, அந்தப் பெரிய விழிகளால் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் முகத்துக்கு நேரே ஒரு கேமரா. அது எங்களைப் படம் பிடிக்காது; சங்கம் சண்டைபோட்டு அதையாவது தடுத்தது. அவர் எங்களைப் பார்க்கிறாரா என்று மட்டும் அது பார்க்கும். பார்க்கிறவரைப் பார்க்க மாடியில் இன்னொரு ஆள், சம்பளத்துக்கு. என்ன பிழைப்போ.

எனக்கு வரவில்லை.

விடியுமுன் வண்டி எடுத்தவள். இடுப்பு விட்டுப்போயிருந்தது. பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்து வயிறு பானையாகியிருந்தது. ஆனால் அந்தக் கண்களைப் பார்த்ததும் உள்ளே எல்லாம் பூட்டிக்கொண்டது.

இரண்டு பெற்றவள் நான். பிரசவ அறையில்கூட இப்படிக் கூசியதில்லை.

ஏற்கெனவே இரண்டு முறை காலிக் கோப்பையோடு வெளியே போய்த் திரும்பியிருந்தேன். இந்த முறையும் வரவில்லை என்றால் மறுத்ததாக எழுதிவிடுவார்கள். மறுத்தால், போதை எடுத்த மாதிரிதான். வேலை போய்விடும். காபியைத் தவிர வேறு பழக்கமே இல்லாத எனக்கு.

அழுகை வந்தது. அது மட்டும் தாராளமாக வந்தது.

"வேற வழியில்லாமத்தான் சொல்றேன்," என்றார் அக்கா, உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "என் சோடாபுட்டிக் கண்ணாடி வெளிய டிராயர்ல இருக்கு. அது இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாது."

நான் நம்பவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே மூன்று விரல்களை நீட்டி, எத்தனை என்று கேட்டேன்.

"கையைத் தூக்கியிருக்கியா?" என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன் என்றுதான் நினைக்கிறேன். காலையிலிருந்து இறுகிக் கிடந்த தோள் தளர்ந்தது, பிறகு மற்றதும். கோப்பை நிரம்பி வழிந்தது.

விஷயம் மாடிக்குத் தெரிந்தால் அவருக்கும் வேலை இருக்காது. அதை அவர் சொல்லவில்லை. எனக்கே புரிந்தது.

வெளியே, மேஜையில் உட்கார்ந்திருந்த ஆபீசர் என் கோப்பையை வாங்கி முத்திரை வைத்தார். பெஞ்சில் அடுத்த ஆளாகக் காத்திருந்த பெரியக்கா எழுந்து என்னிடம் வந்தார்.

"என்ன, முறைச்சாளா?"

"மனுஷியா அவ? கண்ணாலயே உரிச்சு எடுத்துட்டா," என்றேன். சொல்லும்போது நாக்குக் கூசியது.

பெரியக்கா என் காதருகே குனிந்தார்.

"பத்தாது. இன்னும் கொஞ்சம் சத்தமா திட்டு. ஆபீசர் காதுல விழணும்."