இருநூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கைகள்

"நம்ம சி புரோகிராமுக்கு கம்பைலர் இருநூத்திப் பன்னிரண்டு எச்சரிக்கை காட்டுது சார்," என்றாள் புதிதாகச் சேர்ந்தவள், புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும்போதே தவறுகளைச் சுட்டும் அந்த மென்பொருளின் பட்டியலைக் காட்டி.

மேனேஜர் முழங்காலைத் தடவிக்கொண்டே, கால்தூசைப் பார்ப்பதுபோல் திரையைப் பார்த்தார். "வயசான கம்பைலர்மா. எதுக்கெடுத்தாலும் புலம்பும். காதுல போட்டுக்காதே."

"ஆரம்ப மதிப்பே கொடுக்காத வேரியபிளை வெச்சுக் கணக்குப் போடறோம், விடை எப்படி வேணா வரலாம்னு சொல்லுது சார்..."

"பத்து வருஷமா ஓடற புரோகிராம். நேத்து வந்த நீ எனக்குப் பாடம் எடுக்காதே!"

சோதனை அறிக்கையில் 'ஆபத்தில்லை' என்று எழுதி, கையெழுத்தைக் கிறுக்கினார்.

மதியம் சாப்பிடக் கிளம்பினார்கள். ஒன்பதாவது மாடிக்கு வந்த லிஃப்டில் ஏறியவள் திரும்பிப் பார்த்தாள். மேனேஜர் நொண்டி நொண்டிப் படியிறங்கிக்கொண்டிருந்தார்.

"சார், முழங்கால் வலியோட படியிலயா?"

"வலியோடயாவது கீழே போய்ச் சேருவேன். அந்த லிஃப்ட் ஓடறதே நம்ம புரோகிராம்லதான்!"